தீக்காயமும் ஆய்வேடும்: சிவகாசி வட்டாரத்தை முன்னிறுத்தி மருத்துவக் கல்வியில் ஆய்வுப் பயிற்சி – ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: மருத்துவக் கல்வி, ஆய்வு நெறியாளர், தீக்காயம், பட்டாசுத் தொழில், விருதுநகர்

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். 1940களில் பட்டாசு உற்பத்தி அங்கு வேரூன்றியது. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அன்று ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. தொழிலின் தொடக்கத்திற்கும் கல்லூரியின் தொடக்கத்திற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்துள்ளது. அந்நூற்றாண்டில் இவ்வட்டாரத்து மக்களுக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று கூற இயலாது. ஆனால் அவர்தம் காயங்களிலிருந்து மருத்துவ அறிவு எந்த அளவுக்கு உருவாயிற்று என்பது வேறு வினா. அவ்வினாவை, மருத்துவம் பயில்வோர் பேராசிரியர்களின் நெறிப்படுத்தலில் தம் நோயாளிகளையே ஆய்வு செய்யும் முறையின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

மாணவப் பருவத்திலேயே ஆய்வில் ஈடுபடுவது புதிய வழக்கம் அன்று. கணையத்திலுள்ள திட்டுகளைப் பால் லாங்கர்ஹான்ஸ் 1869இல் பெர்லினில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விவரித்தபோது அவர் மருத்துவ மாணவரே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் வில்லியம் ஹோவெலின் கீழ்ப் பணியாற்றிய ஜே மெக்லீன், ஹெப்பாரின் கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த ஆய்வை 1916இல் வெளியிட்டார். இவ்விரு நிகழ்வுகளிலும் மாணவரின் கூர்மை பெரிதும் பேசப்படும். ஆயினும் அம்மாணவர் நின்ற இடத்தில் ஆய்வுக்கூடமும் கேள்வி கேட்கும் ஆசிரியரும் முன்னரே இருந்தமை அதனினும் கருதத்தக்கது.

சென்னையில் 1835இல் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளி, அரசின் மருத்துவப் பணிக்கு ஆள் பயிற்றுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டது. இந்திய ஆய்வு நிதிச் சங்கம் 1911இல் தோன்றி, 1949இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு எனப் பெயர் மாறியது. சென்னையில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தம் ஆய்வு வாழ்வை அமெரிக்காவில்தான் அமைத்துக்கொள்ள நேர்ந்தது. இளநிலை மாணவர்க்கான இரண்டு மாதக் குறுகியகால ஆய்வு உதவித் திட்டத்தை ஆராய்ச்சிக் குழு 1979இல் கொண்டுவந்தது. முதுநிலை மாணவரோ நெறியாளரின்கீழ் ஆய்வேடு எழுதியாக வேண்டும். இவ்வாறு இரண்டு மாதம், மூன்றாண்டு என ஆய்வுக்கு இரு கால அளவுகள் அமைந்தன. தீக்காயம் குறித்த ஆய்வுகளில் இக்கால அளவுகளே சிக்கலாவதைப் பின்னர்க் காணலாம்.

பாஸ்டனும் சென்னையும்

1942 நவம்பர் 28 இரவு பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதியில் நேர்ந்த தீயில் 492 பேர் மாண்டனர். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆலிவர் கோப் என்னும் அறுவை மருத்துவர், போர்க்கால அரசு நிதியுடன், தீக்காய ஆய்வை அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். அவ்விரவு அங்குப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர்களுள் பிரான்சிஸ் மூர் ஒருவர். தீக்காயமுற்றோர்க்குச் செலுத்த வேண்டிய நீர்மத்தின் அளவு குறித்துக் கோப்பும் மூரும் பின்னர் இணைந்து எழுதினர். நகரின் மற்றொரு மருத்துவமனையில் லண்டும் பிரவுடரும் உருவாக்கி 1944இல் வெளியிட்ட தீக்காயப் பரப்பளவுப் படம், குழந்தைகளின் காயத்தை அளப்பதற்கு இன்றும் பயன்படுகிறது. உயிர் பிழைத்தோரையும் உறவினரை இழந்தோரையும் சந்தித்த எரிக் லிண்டெமன், அதே ஆண்டில் துயர் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். ஒரே இரவின் தீயிலிருந்து இத்தனையும் கிடைத்தமைக்குத் தீயின் பெருமை காரணமன்று. அதற்கு முன்பே நெறியாளரும் இளம் மருத்துவரும் பதிவு முறையும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையே காரணம்.

இதற்கு இணையான சான்றைத் தமிழ்நாட்டிலும் காட்டலாம். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸின் வழிகாட்டலில் இந்திய மருத்துவர்கள் ஆய்வுப் பயிற்சி பெற்றனர். 193 நோயாளிகளை வீட்டுச் சிகிச்சை, காசநோய் மருத்துவமனைச் சிகிச்சை எனக் குலுக்கல் முறையில் பிரித்து நிகழ்த்திய ஆய்வின் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டோரும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தமை தெரிந்தது. பின்னும் அந்நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். எந்த ஒரு மாணவரின் படிப்புக் காலத்திற்குள்ளும் அடங்காத இத்தொடர்ச்சியை நிறுவனமே தாங்கி நின்றது. நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கே சென்று நிகழ்த்திய ஆய்வு உலக மருத்துவ நடைமுறையை மாற்றியது என்பதைத் தமிழ்நாட்டு மருத்துவக் கல்வி இன்னும் போதிய அளவு நினைவுகூரவில்லை.

மதுரைச் சாலை

சிவகாசியின் நிலை வேறு. 1985 மார்ச் 15 வரை இவ்வட்டாரம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியர் அலுவலகமே நெடுங்காலம் மதுரையில்தான் இயங்கியது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இலும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் தோன்றின. கடுந்தீக்காயமுற்றோர் ஏறத்தாழ 70 கி.மீ. கடந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுவது வழக்கமாயிற்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். மீட்கவும் பார்க்கவும் ஓடிவந்தோரும் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர்.

எனவே நெறியாளர் ஒரு நகரிலும் நோயாளியின் ஊர் மற்றொரு புறத்திலும் அமைந்தன. மதுரையின் முதுநிலை மாணவர் காண்பது காயத்தின் முதல் அதிகாரத்தை மட்டுமே. நீரிழப்பு, கிருமித்தொற்று, தோல் ஒட்டு, இறப்பு ஆகியன உள்நோயாளிப் பதிவேட்டிலேயே கிடைத்துவிடும். ஆய்வேட்டுக்கும் அவை போதும். ஆனால் கழுத்திலும் விரல் மூட்டுகளிலும் வடு சுருங்கி இறுகுவது மாதங்கள் கடந்தே புலப்படும். திரி வெட்டிய கை மீண்டும் திரி வெட்டுமா, குடும்பம் கடனை எவ்வாறு அடைத்தது என்பன அதன் பிற்பட்ட செய்திகள். நோயாளி ஊர் திரும்பும் பேருந்தில் ஏறியவுடன் அவர் ஆய்வின் எல்லையைக் கடந்துவிடுகிறார். இரண்டு மாத மாணவர் ஆய்வில் இது இன்னும் கடுமையாகும்.

மற்றொரு தடை காயத்தின் காரணத்தைக் கேட்பதிலேயே உள்ளது. ஆலை வெடிப்பு காவல்துறை வழக்காகும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடோ சட்ட ஆவணம். உரிமம் இன்றி வீட்டில் கருந்திரி செய்தவரும், மணி மருந்தை வெயிலில் உலர்த்தும்போது தீப்பிடித்ததைக் கண்டவரும் உண்மையை முழுதும் கூறத் தயங்கக் காரணம் உண்டு. கூறினால் தம்மீதோ, வேலை கொடுத்தவர்மீதோ வழக்கு வரலாம். கையில் வினாநிரலுடன் வந்து நிற்கும் மாணவர் மருத்துவரா, ஆய்வாளரா, சாட்சியா என்பதை நோயாளியால் பிரித்தறிய இயலாது. மருந்து கொடுப்பவரே ஆய்வுக்கு ஒப்புதல் கேட்கும்போது மறுப்பதும் எளிதன்று. இத்தகைய எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் குறித்து ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல் தனியே பேசுகிறது. இங்கு நெறியாளரின் பணி புள்ளியியல் திருத்தத்தோடு நிற்பதன்று. எதைக் கேட்கலாகாது, கேட்டதில் எதைப் பெயரின்றிப் பதிய வேண்டும் என்று மாணவர்க்குக் கற்பிப்பதே அதில் கடினமான பகுதி.

விருதுநகர்க் கல்லூரியின் வருகையால் அத்தூரம் ஏறத்தாழ 25 கி.மீ. எனச் சுருங்கியுள்ளது. அண்மையில் வந்த இரு கல்வி விதிகளும் இங்குக் கருதத்தக்கன. முதுநிலை மாணவர் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்னும் விதி 2020இல் வந்தது. இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சென்று காணும் திட்டமும் பின்னர்ப் பாடத்தில் இடம்பெற்றது. இவை தீக்காய ஆய்வுக்கென வகுக்கப்பட்டவை அல்ல. எனினும் சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டங்களின் ஊர்களில் அக்குடும்பங்கள் தெரிவு செய்யப்படுமாயின், உள்நோயாளிப் பதிவேடு முடிகின்ற இடத்திலிருந்து மாணவரின் குறிப்பேடு தொடங்க வாய்ப்புண்டு. ஒரு மாணவர் தம் படிப்பு முடிந்து செல்கையில் அடுத்த மாணவர் அதே குறிப்பேட்டைத் தொடர வேண்டும். அக்குறிப்பேடு மாணவரின் சொத்தாக இருக்குமா, துறையின் சொத்தாக இருக்குமா என்பதைக் கல்லூரிதான் தீர்மானித்தாக வேண்டும்.