பனிக்குள் ஒரு ராணுவ நகரம்

1959 ஜூனில் அமெரிக்க ராணுவம் வடமேற்கு கிரீன்லாந்தில், துலே விமானத் தளத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் உள்ளே, பனியை வெட்டத் தொடங்கியது. மலைச்சாலைகளில் பனியை அள்ளி வீசும் சுவிஸ் இயந்திரங்கள் நீளநீளமாக அகழி தோண்டின. மேலே வளைந்த இரும்புத் தகடு, அதன்மேல் மறுபடியும் பனி. உள்ளே படுக்கையறை, மருத்துவமனை, நூலகம் எல்லாம் உண்டு. 200 பேர் வரை தங்கலாம். மின்சாரத்துக்குத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிய ஓர் அணு உலை. ‘கேம்ப் செஞ்சுரி’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆராய்ச்சி நிலையம் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். ராணுவத்தின் மனதில் இருந்தது வேறு கணக்கு: பனிக்கடியில் 4,000 கிலோமீட்டர் சுரங்கம், அதற்குள் ரயிலில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் 600 ஏவுகணைகள். கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க்கிடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. விஷயம் வெளியே வந்ததே 1990-களில்தான்.

திட்டத்தைக் கவிழ்த்தது சோவியத் ஒற்றன் அல்ல, பனி. துளைத்த இடத்தில் துளை அப்படியே நிற்க, அது பாறை இல்லையே! பனி நகரும் விதத்தை கேம்பிரிட்ஜில் ஏற்கெனவே அளந்திருந்தார்கள். பின்னாளில் ஹீமோகுளோபினுக்காக நோபல் வாங்கிய மேக்ஸ் பெருட்ஸ், 1948-ல் ஆல்ப்ஸ் பனியாற்றில் குழாய் இறக்கி, அடிப்பகுதியைவிட மேல்பகுதி வேகமாக நகர்வதைக் காட்டினார். அவருடைய மாணவர் ஜான் கிளென் பனிக்கட்டிகளை ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்து 1955-ல் விதியே எழுதிவிட்டார்: அழுத்தம் இரண்டு மடங்கானால் பனி உருமாறும் வேகம் ஏறத்தாழ எட்டு மடங்காகும். வெப்பம் கூடினால் இன்னும் இளகும். அந்தப் பனிக்குள்தான் அணு உலையைக் கொண்டுபோய் வைத்தார்கள்!

சுவர்கள் உள்ளே தள்ளின, கூரை தொய்ந்தது. பிதுங்கிய பனியைச் செதுக்கி வெளியேற்றுவதே ஓயாத வேலையாயிற்று. 1963-ல் உலையை நிறுத்தி, மறு வருடம் கழற்றி எடுத்துப் போனார்கள். 1967-ல் முகாமே காலி.

ஆனால், அதற்கு முன்பே முகாமின் ஓர் அகழியில் லைல் ஹேன்சன் குழுவினர் செங்குத்தாகத் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். 1966 ஜூலையில் அவர்களுடைய துளைப்பான் 1,387 மீட்டர் பனியைக் கடந்து தரையைத் தொட்டது. ஒரு பனிப்படலத்தின் அடிவரை மனிதன் போனது அதுவே முதல் முறை. கிடைத்த பனித்தண்டில் ஆக்சிஜனின் கன வகை எவ்வளவு என்று கோபன்ஹேகனின் வில்லி டான்ஸ்கார்ட் அளந்து, 1 லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்பத்தை வரைந்தார். எந்த ஆழம் எந்தக் காலம்? ஆண்டுதோறும் விழும் அடுக்கு, கீழே இறங்க இறங்க, உருட்டும் சப்பாத்தி மாவுபோல மெலிந்து பக்கவாட்டில் பரவுகிறது. இந்த மெலிவைக் கணக்கிட டான்ஸ்கார்டும் சிக்ஃபஸ் யான்சனும் 1969-ல் ஓட்ட மாதிரி ஒன்றைத் தந்தார்கள். முகாமை நசுக்கிய அதே ஓட்டம் இங்கே காலக்கணக்குக்கு உதவியது.

துளையின் அடியிலிருந்து மூன்றரை மீட்டர் உறைமண்ணும் வந்தது. அதை அப்போது பெரிதாக யாரும் சீண்டவில்லை. 2017-ல் கோபன்ஹேகன் உறைகிடங்கில் கண்ணாடி ஜாடிகளில் அது மறுபடி அகப்பட்டது. கழுவிப் பார்த்தால் உள்ளே சுள்ளி, இலை, பாசி! சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் பனிப்படலமே இல்லை என்று 2023-ல் கணித்தார்கள்.

(தொடரும்)