எகோலி: சுரங்கத்திலிருந்து ஏறிவந்த பெயர்

1886-இல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் மேட்டுநிலத்தில், லாங்லாக்டே என்ற பண்ணையில் தங்கப் பாறை வெளிப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பக்கத்திலேயே ஓர் ஊர் எழுந்துவிட்டது. டிரான்ஸ்வால் அரசு அதற்கு ஜோகன்னஸ்பர்க் என்று பெயர் வைத்தது. யோஹன்னஸ் என்ற பெயருடைய அதிகாரிகள் அன்று சிலர் இருந்ததால், ஊர் யார் பெயரால் அமைந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. அந்த ஊருக்கு இன்னொரு பெயர் உண்டு: எகோலி. வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர் வாயில் பிறந்த பெயர் அது. 'தங்கம் கிடைக்கும் இடம்' என்பது அதன் பொருள். இன்று தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் அது ஜோகன்னஸ்பர்க்கின் செல்லப்பெயர்.

ஆங்கிலம் இந்தச் சொல்லை ஜூலு மொழியிடமிருந்து கடன் வாங்கியது. ஆனால் ஜூலு அதன் வேரை ஆங்கிலத்திடமிருந்தே வாங்கியிருந்தது. 'கோல்ட்' என்ற சொல் ஜூலு நாவுக்கு அப்படியே பொருந்தாது. ஜூலுவில் அசைகள் உயிரொலியில்தான் முடியும். 'ல்ட்' என்று இரண்டு மெய்கள் அடுக்கி நிற்க அங்கே இடமில்லை. எனவே 'கோலி' ஆனது. நாம் 'பொன்னில்', 'ஊரில்' என்று சொல்லுக்குப் பின்னால் உருபு சேர்க்கிறோம். ஜூலு இடத்தைக் குறிக்க முன்னால் 'எ' சேர்க்கும். டர்பன் நகரத்தின் ஜூலுப் பெயரான எதெக்வினியின் முதலில் நிற்பதும் இந்த 'எ'தான். 'கோல்ட்' என்று போன சொல் 'எகோலி' என்று திரும்பி வந்தபோது, அது தன் வீட்டுப் பிள்ளை என்று ஆங்கிலத்துக்கு அடையாளம் தெரியவில்லை. ஜூலு எழுத்துமுறையில் இச்சொல்லுக்கு நடுவில்தான் பெரிய எழுத்து வரும். முன்னொட்டு சிறிய எழுத்தில் நிற்கும். ஆங்கிலச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தை முதலுக்கு நகர்த்தித் தங்கள் வழக்கப்படி எழுதின.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. ஸோத்தோ மொழியினர் ஆஃப்ரிகான்ஸின் 'ஹௌட்' என்ற தங்கச் சொல்லை எடுத்து, தங்கள் இட உருபைச் சேர்த்து 'ஹௌதெங்' என்றார்கள். 1994 தேர்தலோடு உருவான, ஜோகன்னஸ்பர்க் அடங்கிய புதிய மாகாணத்துக்கு மூன்று இடப்பெயர்களின் முதலெழுத்துகளையே முதலில் பெயராக வைத்திருந்தார்கள். விரைவிலேயே அதை விட்டுவிட்டு ஸோத்தோ பெயரைச் சூட்டினார்கள். அப்படி ஒன்று மாகாணத்தின் சட்டப்பெயராக உயர்ந்தது. எகோலி மக்கள் வாயிலேயே தங்கியது.

இந்தப் பெயரைச் சுமந்து திரிந்தவர்கள் யார்? விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கம் கட்டி கட்டியாகக் கிடைப்பதல்ல. கடினமான கூழாங்கல் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பரவிக் கிடக்கும். டன் கணக்கில் பாறையை உடைத்து மேலே கொண்டுவந்து, பொடியாக்கி, சயனைடு கரைசலில் பிரித்தால்தான் சில கிராம் கிடைக்கும். தங்கத்துக்கு உலகச் சந்தையில் அன்று விலை நிர்ணயமாகியிருந்தது. முதலாளிகளால் அதை ஏற்ற முடியவில்லை. குறைக்க முடிந்தது கூலியை மட்டும்தான். அதற்காகச் சுரங்க நிறுவனங்கள் ஒன்றுகூடி ஆள்பிடிக்கும் அமைப்புகளையே நிறுவின. அவற்றில் ஒன்றின் ஆங்கில முதலெழுத்துகளைத் தொழிலாளர்கள் 'வெனெலா' என்று சொல்லாக்கிக்கொண்டார்கள். மொசாம்பிக், பசுட்டோலாந்து, நியாசாலாந்து, ஜூலுலாந்து என்று நாலா திசையிலிருந்தும் ரயில்கள் ஆண்களை ஏற்றி வந்தன. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, ஒப்பந்தக் காலம் முழுதும் மதில் சூழ்ந்த கொட்டடிகளில் அவர்கள் அடைந்து கிடந்தார்கள்.

இவ்வளவு மொழிக்காரர்களுக்கும் சுரங்கத்தின் அடியில் பொதுமொழியாக இருந்தது ஃபனகாலோ. ஜூலுச் சொற்களும் ஆங்கிலம், ஆஃப்ரிகான்ஸ் கலப்பும் கொண்ட கட்டளை மொழி அது. இங்கே நம்மவர் கதையும் குறுக்கிடுகிறது. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் பிறரும் இந்த மொழியைப் பேசினார்கள். அதற்கு 'இசிகூலா', அதாவது கூலிகளின் பேச்சு, என்றே ஒரு பெயர் இருந்தது. அந்தத் தோட்டங்களில்தான் அது பிறந்தது என்றுகூட முன்பு கருதப்பட்டது. இந்தியர்கள் கப்பலேறுவதற்கு முன்பே நேட்டாலில் அது வழக்கில் இருந்ததை மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்திரி பின்னர் எடுத்துக்காட்டினார்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒவ்வொருவரோடும் எகோலி என்ற பெயரும் கிராமங்களுக்குப் போனது. இன்னொரு தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்து ரயிலேறியது. 1941-இல் ஊரைவிட்டு ஓடிவந்த நெல்சன் மண்டேலாவுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் முதலில் கிடைத்த வேலை, கிரவுன் மைன்ஸ் சுரங்கத்தில் இரவுக் காவல்.

பிறகு அந்தப் பெயர் மேடையேறியது. 1979-இல் மத்செமேலா மனாகா 'எகோலி' என்ற நாடகத்தை எழுதினார். சுரங்கத் தொழிலாளர் இருவரின் வாழ்க்கை அது. பெயரை அதன் சொந்தக்காரர்களின் கதையோடு சேர்த்துச் சொன்ன படைப்பு என்பதால் அதைப் பெரிதாக மதிக்கிறேன். அதன்பின் வந்த பயன்பாடுகளில் சுரங்கம் மெல்ல மறைந்தது. 1992 முதல் 2010 வரை எம்-நெட் தொலைக்காட்சியில் ஓடிய நெடுந்தொடரின் பெயர் எகோலி. நூற்றாண்டின் இறுதியில் மாநகராட்சி தன் சீரமைப்புத் திட்டத்துக்கு 'இகோலி 2002' என்று பெயரிட்டது. நகராட்சித் தொழிலாளர் சங்கம் அந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடியது. தனியாருக்குப் போன நகர எரிவாயு நிறுவனம் 'எகோலி கேஸ்' ஆனது. மண்டேலா காவல் காத்த கிரவுன் மைன்ஸின் பழைய நிலத்தில் 1980-களிலேயே கேளிக்கைப் பூங்கா ஒன்று எழுந்துவிட்டது.

இந்தப் பெயரில் மினுமினுப்பு மட்டும் மிஞ்சுவது நியாயமில்லை. 1970-இல் தென்னாப்பிரிக்கா ஏறத்தாழ 1,000 டன் தங்கம் எடுத்தது. அது அந்த ஆண்டு உலக உற்பத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அதே காலத்தில் பொருளாதார அறிஞர் பிரான்சிஸ் வில்சன் கணக்கிட்டுச் சொன்னது இது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 1969-இல் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி பெற்ற ரொக்கக் கூலி 1911-இல் பெற்றதைவிட உயரவே இல்லை. பாறையைத் துளையிடும்போது பறக்கும் படிகத் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயாகும்; அதன்பின் காசநோய் எளிதில் பற்றும். நோயாளியை ஊருக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளை எடுத்துக்கொண்டார்கள். தொழிலாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், சுமார் 500 கோடி ராண்ட் இழப்பீடு தர நிறுவனங்கள் ஒப்புக்கொண்டது 2018-இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஜோகன்னஸ்பர்க் போகும் தமிழர் பலர், அந்நகரில் பிறந்து 1914-இல் பதினாறு வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறையைத் தேடி பிராம்ஃபொன்டைன் மயானத்துக்குப் போகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில், நியூடவுன் பகுதியில், தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்து நகராட்சிக்கு உழைத்த கறுப்பினத் தொழிலாளர் அடைந்து கிடந்த பழைய கொட்டடி அது. அவர்கள் படுத்த கான்கிரீட் மேடைகளை உள்ளே பார்க்கலாம். கேளிக்கைப் பூங்காவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தையாவது அதற்குக் கொடுங்கள்.