உட்கருவில் ஒரு கணப்பொழுது

மூச்சிரைப்புக்கோ மூட்டுவலிக்கோ மருத்துவர் எழுதித் தரும் 'பிரெட்னிசோலோன்' மாத்திரையை அறியாத இல்லங்கள் நம்மிடையே குறைவு. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனுக்கு அது நெருங்கிய உறவு. குருதியில் மிதந்துவரும் இச்சிறு மூலக்கூறு, உயிரணுவின் உட்கருவில் உறங்கும் மரபணுவை எவ்வாறு எழுப்புகிறது? இதற்கு விடை தேடியோர் நெடுங்காலம் நம்பியிருந்த ஒரு சித்திரம், உயிருள்ள உயிரணுவை நேரில் கண்ட அன்று கலைந்து போயிற்று.

1950-களில், ஹார்மோன்கள் நொதிகளின் வேதிவினைகளில் கலந்து, தாமும் உருமாறியே செயல்படுகின்றன என்பது மேலோங்கிய கருத்து. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் வினாவையே திருப்பிப் போட்டார். ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்பதை விடுத்து, திசு ஹார்மோனை என்ன செய்கிறது என்று கேட்டார். ஹெர்பர்ட் ஜேக்கப்சனுடன் சேர்ந்து, கதிரியக்க ஹைட்ரஜனால் அடையாளமிட்ட ஈஸ்ட்ராடையாலை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினார். பிற திசுக்கள் பலவற்றிலிருந்து அது விரைவில் வெளியேறியது. கருப்பையிலோ தங்கியது, அதுவும் எவ்வித வேதிமாற்றமுமின்றி. எனில், அதைப் பற்றிக்கொள்ளும் ஏதோ ஒன்று அங்கு இருந்தாக வேண்டும். 'ஏற்பி' எனப்படும் புரதம் இவ்வாறுதான் புலப்பட்டது. 1958-இல் வியன்னா மாநாட்டில் அவர் இதை எடுத்துரைத்தபோது கேட்க இருந்தோர் ஐவரே. அவர்களுள் மூவர் அதே அமர்வில் பேச வந்தவர்கள்! ஜென்சனே பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. அந்த ஐவர் அவையில் பேசப்பட்ட பொருளே பின்னர், மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுள் எவருக்கு ஹார்மோன் வழிச் சிகிச்சை பயன்தரும், எவருக்குத் தராது என முன்கூட்டி அறியும் வழியாயிற்று.

1960-இல் ஜெர்மனியில் கிளெவரும் கார்ல்சனும் மற்றொரு சான்றைத் தந்தனர். தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனை கிரோனோமஸ் என்னும் பூச்சியின் புழுக்களுக்குச் செலுத்த, அவற்றின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள பெரிய குரோமோசோம்களில் குறிப்பிட்ட இடங்கள் உப்பி எழுந்தன. ஹார்மோன் மரபணுவை எழுப்புகிறது என்பதை நுண்ணோக்கியிலேயே காண முடிந்தது.

ஆயினும் மரபணு திறந்து கிடக்கும் ஏடு அன்று. மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். கண்ணுக்குப் புலப்படாத உட்கருவில் அது அடங்க வேண்டுமென்றால், ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல் நூல்போல் சுற்றப்பட்டிருக்க வேண்டும். இந்த அமைப்பை 1974-இல் ரோஜர் கோர்ன்பெர்க் விளக்கினார். நூலும் உருண்டையும் சேர்ந்த தொகுதியே குரோமாட்டின். மூடிச் சுற்றிய இழையில் ஏற்பி தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கோர்டன் ஹேகர் இவ்வினாவைத் தம் வாழ்நாட்பணியாகவே மேற்கொண்டார் எனலாம். அவர் தேர்ந்தது சுண்டெலிகளுக்கு மார்பகக் கட்டியை விளைவிக்கும் ஒரு வைரஸின் மரபணுத் தொடர். கார்ட்டிசோல் வகை ஹார்மோன்களால் முடுக்கப்படுவது. அதன் முகப்பில் 6 உருண்டைகள் ஒழுங்காக வரிசையுற்றிருப்பதையும், ஹார்மோன் வந்ததும் குறிப்பிட்ட ஓரிடம் மட்டும் திறந்துகொள்வதையும் அவரது குழு 1987-இல் காட்டியது. இதிலிருந்து யாவரும் தீட்டிக்கொண்ட சித்திரம், ஹார்மோன் உள்ளவரை தன் இடத்தில் அசையாது நின்று மரபணுவைத் திறந்து வைத்திருக்கும் காவலனாகிய ஏற்பி.

உயிருள்ள அணுவில் இதைப் பார்ப்பதற்கு ஒரு தடை இருந்தது. ஒற்றை மரபணு கண்ணுக்கு எட்டாது. அந்த வைரஸ் தொடரின் ஏறத்தாழ 200 படிகள் ஒரே இடத்தில் அடுக்கப்பெற்ற சுண்டெலி உயிரணு அவர்களுக்கு வாய்த்தது. ஜெல்லிமீனின் பச்சை ஒளிரும் புரதத்தை ஏற்பியுடன் இணைத்தார்கள். ஹார்மோன் இட்டதும் உட்கருவில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றிற்று. அப்புள்ளியின் ஒளியை லேசர் கதிரால் அழித்தார்கள். காவலன் அசையாதவன் என்றால் அவ்விடம் இருண்டே கிடந்திருக்கும். சில விநாடிகளில் அது மீண்டும் ஒளிர்ந்தது! ஒளியிழந்த ஏற்பிகள் விலக, புதியவை வந்து அமர்ந்திருந்தன. மெக்நாலியும் ஹேகரும் தோழர்களும் 2000-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டனர்.

அதுவரை கண்டவை பொய்யல்ல. ஆனால் அவை பெரும்பாலும் அணுவிலிருந்து பிரித்தெடுத்த பொருள்களில், அல்லது ஃபார்மலினால் உறையவைத்த அணுக்களில் கண்டவை. ஓடும் ஆற்றைப் படம் பிடித்துவிட்டு, நீர் நிற்கிறது என்று சொன்னதற்கு ஒப்பாகும் அது.

கணப்பொழுதே தங்கும் விருந்தாளியால் என்ன ஆகும் என்ற ஐயம் எழலாம். அந்தக் கணத்தில் அது உருண்டைகளை நகர்த்தும் புரதக் கருவிகளை அழைத்துவிடுகிறது. திறந்த வாயிலில் அடுத்த ஏற்பி எளிதில் வந்தமர்கிறது. 2011-இல் இன்னொன்றும் தெளிவாயிற்று. ஏற்பி அமரும் இடங்களுள் மிகப் பெரும்பாலானவை ஹார்மோன் வருமுன்னரே திறந்திருப்பவை. எந்த வாயில்கள் திறந்திருக்கும் என்பது திசுவுக்குத் திசு மாறுகிறது. ஒரே ஹார்மோன் கல்லீரலில் ஒன்றையும் மற்றொரு திசுவில் வேறொன்றையும் செய்வதன் காரணம் பெரிதும் இங்கேதான் உள்ளது.

நம் உடல் கார்ட்டிசோலை ஒரே சீராகச் சுரப்பதில்லை. ஏறத்தாழ மணிக்கொரு முறை அலையாகவே சுரக்கிறது. ஏற்பி கணந்தோறும் வந்து போவதால், அந்த அலையுடன் மரபணுவும் எழுந்து அடங்குகிறது என்பதை 2009-இல் ஹேகரின் குழு காட்டியது. இடைவிடாது ஹார்மோன் ஊட்டப்பட்ட அணுக்களில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. அலையாக வருவதும் ஓயாது வருவதும் மரபணுக்களுக்கு ஒன்றல்ல என்றால், செயற்கை ஸ்டீராய்டுகளை நோயாளிக்கு எந்த நேரத்தில், எந்த இடைவெளியில் தருவது என்பதும் ஆய்வுக்குரிய வினாவாகிவிட்டது.