பழவேற்காட்டுப் பத்மநாபரும் முதலாண்டு மாணவரும்

கலைக் கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர் கட்டுரை எழுதத் தெரியாதவர் அல்லர். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்தில் பள்ளி அவரை நன்றாகவே பழக்கியிருக்கிறது. ஆனால் 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்ற கேள்விக்கு அச்சட்டகத்தில் இடமில்லை. விடை பாடநூலில் இருந்தது, பாடநூலை யாரும் விசாரிப்பதில்லை. இன்று அந்த இடத்தை இணையம் பிடித்துக்கொண்டது என்பதே வேறுபாடு. மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் மாணவருக்கு இக்கேள்வியின் பொருளை விளக்கத் தொலைதூர உதாரணம் தேவையில்லை. பழவேற்காட்டிலேயே ஒரு நூல் பிறந்த வரலாறு இருக்கிறது.

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613-இல். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத் தலைமையிடம் அதுவே. துணியோடு அடிமைகளும் இத்துறையிலிருந்து கப்பலேறினர். இக்கோட்டையில் 1630-களில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் சமயகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். தாயகம் திரும்பிய அவர் 1649-இல் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த நூலை அவருடைய மனைவி 1651-இல் லெய்டனில் வெளிக்கொணர்ந்தார். 'மறைந்துகிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு' என்பது தலைப்பின் ஏறக்குறைய பொருள். பிராமணரின் வாழ்க்கைமுறை ஒரு பகுதி, நம்பிக்கையும் வழிபாடும் மறு பகுதி. பர்த்ருஹரியின் நீதி மொழிகளும் வைராக்கிய மொழிகளும் இணைப்பாக வந்தன. சமஸ்கிருத இலக்கியம் ஒன்று ஐரோப்பிய மொழியில் அச்சேறிய முதல் நிகழ்வாக இதனைக் கருதுவர். 1663-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1670-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வந்தன. பின்னாளில் ஹெர்டர் வரை அம்மொழிகள் சென்று சேர்ந்தன.

இந்நூலில் நம் மாணவர் கற்க வேண்டிய முதற்பாடம், ரோஜேரியஸ் தம் ஆசானின் பெயரை மறைக்கவில்லை என்பது. பத்மநாபர் என்னும் பிராமணர் சொல்ல, தாம் கேட்டு எழுதியதாக அவர் குறிக்கிறார். மூலத்தைச் சுட்டுதல் என்று நாம் வகுப்பில் சொல்வதன் உயிர் இதுதான். அடிக்குறிப்பு மதிப்பெண்ணுக்காகச் செய்யும் அலங்காரம் அன்று. அறிவு யாரிடமிருந்து வந்ததோ அவருக்குச் செலுத்தும் கடன். பத்மநாபர் தம் பெயரில் எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பு இல்லையேல் அவர் இருந்தார் என்பதே நமக்குத் தெரிந்திராது.

இரண்டாம் பாடம், கேட்டது எவ்வழி வந்தது என்று பார்ப்பது. இருவரும் பேசிக்கொண்டது போர்ச்சுக்கீசிய மொழியில். இருவருக்கும் அது தாய்மொழி அன்று. சமஸ்கிருதச் செய்யுள் போர்ச்சுக்கீசியப் பேச்சாகி, அது டச்சு உரைநடையாயிற்று. ஒவ்வொரு கடவிலும் ஏதோ ஒன்று நழுவியிருக்கும். மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் போதாது, அதற்கும் நமக்கும் இடையே எத்தனை கைகள் இருந்தன என்பதையும் எண்ண வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தில் இரு குரல்களைப் பிரித்தறிவது. அச்சான நூலில் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்ட வேறொருவர் குறிப்புகளைச் சேர்த்திருக்கிறார். கிரேக்க, இலத்தீன் ஆசிரியர்களை மேற்கோளாகக் காட்டும் புலமை அவருடையது. பழவேற்காட்டில் கேட்டது ரோஜேரியஸின் பங்கு, நூலகத்தில் ஒப்பிட்டது குறிப்பாளர் பங்கு. இரண்டையும் ஒன்றாக்கி 'ரோஜேரியஸ் கூறுகிறார்' என்று எழுதினால் அது பிழை. மாணவர் கட்டுரைகளில் நான் அடிக்கடி காணும் குழப்பமும் இதுவே: ஆசிரியர் சொன்னது, உரையாசிரியர் சொன்னது, தாம் நினைப்பது மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன.

நான்காவது பாடமே கடினமானது. அந்தக் கதவு யாருக்குத் திறந்தது? நூல் காட்டும் சமூகம் பத்மநாபர் நின்ற இடத்திலிருந்து தெரிந்த சமூகம். கோட்டைக்கு எதிரே வலை உலர்த்தியவர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசும் இடம் அதில் இல்லை. ஒரு சான்று எவ்வளவு நேர்மையானதாயினும் அது ஒருவரின் சான்று என்ற எல்லையை எழுதுபவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் மாணவர் உள்ளே வருகிறார். பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் ஏற்பாடு உண்டு. அதில் உரிமை உள்ள குடும்பங்களும் உண்டு, உரிமை இல்லாத குடும்பங்களும் உண்டு. ஏரியின் சூழல் மாறும்போது மீனவர் அதை எதிர்கொள்ளும் விதத்தைப் பற்றி சாரா கூல்தார்ட் 2008-இல் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பாட்டு முறைக்கு அதில் முக்கிய இடமுண்டு. நம் ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் இவ்வாறு எழுதப்படுகிறது. அதே பாட்டு முறையை வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்த மாணவியோ, 'பாடு' பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் இணையத்தைத் தேடுகிறாள். அப்பாவிடம் கேட்டதை எழுதலாமா என்று தயங்குகிறாள்.

எழுதலாம். ஆனால் நான்கு பாடங்களோடும் எழுத வேண்டும். யார் சொன்னார், எந்நாளில் சொன்னார், எந்தக் குப்பத்தவர் என்று குறிக்க வேண்டும். பெயரை வெளியிட அவர் இசைகிறாரா என்று கேட்க வேண்டும், இசையாவிட்டால் மறைத்துவிட்டு மறைத்ததைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லையும் தன் விளக்கத்தையும் தனித்தனியே நிறுத்த வேண்டும். பாட்டில் இடமுள்ளவர் 'முறை' என்று சொல்வதை, இடமில்லாதவர் 'மறுப்பு' என்று சொல்லக்கூடும். ஆகவே ஏரியின் மறுகரைக்கும் சென்று கேட்க வேண்டும். அந்த மறுகரை மாணவர் பெரும்பாலும் அதே வகுப்பில், அடுத்த பெஞ்சில் இருப்பார்.

ஆய்வு முறையியல் என்று முதுகலையில் நாம் கற்பிக்கும் பெரிய தாளின் சாரம் இவ்வளவே. அதை முதலாண்டிலேயே, ஆறு வாக்கியப் பத்தி ஒன்றில் தொடங்கிவிட முடியும். பத்மநாபரைக் கேட்டு எழுத ஓர் அயலார் கடல் கடந்து வர நேர்ந்தது. இன்று கேட்பவரும் சொல்பவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.