பாக்மேன் ரோம் மாற்றங்கள்

காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிகளில் ஆட்டத்தின் நிரலும் படங்களும் ரோம் எனப்படும் நினைவகச் சில்லுகளில் இருந்தன. அந்தச் சில்லில் உள்ளதைத் திருத்தி ஆட்டத்தையே வேறாக்குவது ரோம் மாற்றம். பழைய ஆட்டங்களைக் கணினியில் இயக்கும் எமுலேட்டர்கள் வருவதற்கு வெகு முன்பே இந்தக் கலை தொடங்கிவிட்டது. புதிர்வழி ஆட்டமான பாக்மேனின் கதையே அதற்குச் சாட்சி.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980இல் வெளியிட்ட பாக்மேனின் நிரல் வெறும் 16 கிலோபைட். அடுத்த ஆண்டே அனுமதியற்ற பிரதிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றான ஹாங்லிமேனில் சில சுற்றுகளில் சுவர்கள் மறைந்துபோகும். வழியை மனத்தில் வைத்தே ஓட வேண்டும்.

எல்லாவற்றையும் விஞ்சிய மாற்றம் அமெரிக்காவில் பிறந்தது. எம்.ஐ.டி.யில் படித்த டக் மக்ரே, கெவின் கரன் ஆகியோரின் ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனம் அட்டாரி நிறுவனத்தின் 'மிசைல் கமாண்ட்' ஆட்டத்தைத் திருத்தும் மாற்றுப் பலகையை விற்க, அட்டாரி வழக்குத் தொடுத்தது. தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் இனி மாற்றுப் பலகை விற்பதில்லை என்ற சமரசத்தோடு வழக்கு முடிந்தது. ஆகவே, பாக்மேனுக்குக் கால்கள் வைத்துத் தாங்கள் உருவாக்கிய 'கிரேஸி ஆட்டோ'வை அவர்கள் அமெரிக்காவில் பாக்மேனைத் தயாரித்த மிட்வே நிறுவனத்திடமே கொண்டுபோனார்கள். 1982இல் அது 'மிஸ் பாக்மேன்' ஆனது. அதன் பலகை செயலியின் இடத்தில் செருகப்படும். பழைய நிரல் சில்லுகளில் கை வைப்பதில்லை. செயலி குறிப்பிட்ட 40 இடங்களைப் படிக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் பலகை தன்னுடைய 8 பைட்டுகளைக் கொடுக்கும். புதிர்வழிகள் நான்காயின. துரத்தும் பேய்களின் போக்கைக் கணிக்க முடியாததால் மனப்பாட ஆட்டம் எடுபடவில்லை.

1997 பிப்ரவரி 5 அன்று இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா மேம் எமுலேட்டரை வெளியிட்டார். அதன்பின் பற்றவைப்பு இரும்பு தேவைப்படவில்லை. கோப்பைத் திருத்தினால் போதும். ஆனால் காவல் இரண்டு உண்டு. ஆட்டம் தொடங்கும்போதே தன் சில்லுகளின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். மேமும் கோப்பு மாறியிருந்தால் எச்சரிக்கும்.

புகழ்பெற்ற 256ஆம் சுற்றின் பிழையை நீக்கவும் சில பைட்டுகளே போதும். பழங்களை வரையும் பகுதி ஒரு பைட் எண்ணில் ஒன்றைக் கூட்ட, அது பூஜ்யமாகிவிடும். உடனே 256 படங்களை வரையப் புகுந்து, திரையின் வலப்பாதியைக் கண்டபடி எழுத்துகளால் நிரப்பிவிடும்.

ரோமின் உரிமை நிறுவனத்துடையது என்பதால், மாற்றியவர்கள் வேறுபாட்டை மட்டும் கொண்ட சிறு ஒட்டுக்கோப்புகளைப் பகிர்வது வழக்கமாயிற்று. ஹாங்லிமேனோ இன்று மேமின் பட்டியலில் தனிப் பெயரோடு இருக்கிறது.