தட்டாக இருந்த ரொட்டி

அமெரிக்கச் சாப்பாட்டுக் கடைகளில் ஒரு சாண்ட்விச் உண்டு. ரொட்டித் துண்டின்மேல் சூடான இறைச்சி, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் இறைச்சிச் சாற்றில் மாவு கலந்து காய்ச்சிய குழம்பு. மேலே மூடும் ரொட்டி இல்லை. கையால் எடுக்கவும் இயலாது.

அடியில் கிடக்கும் அந்த ரொட்டிக்குப் பழைய முன்னோடி உண்டு. 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், செல்வர் விருந்துகளில் காய்ந்த ரொட்டியின் தடித்த துண்டே தட்டு. இறைச்சியை அதன்மேல் வைத்து உண்பர். சாறு ஊறிய ரொட்டியோ வாசலில் நின்ற ஏழைகளுக்குப் போகும், இல்லையேல் நாய்களுக்கு. இருவரையும் ஒரே வரிசையில் வைத்ததைக் கவனியுங்கள்!

அத்தட்டில் உருளைக்கிழங்கு கிடையாது. தென்னமெரிக்க ஆண்டிஸ் மலைமக்கள் பயிரிட்ட அக்கிழங்கு 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பா வந்தது.

இன்றைய சாண்ட்விச்சின் ஊறிய ரொட்டி வாசலுக்குப் போவதில்லை. காசு கொடுத்தவரே முள்கரண்டியால் வெட்டி உண்கிறார்.