மயக்கத்தை அளக்கும் இயந்திரம்

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வரும்போது சின்னம்மா ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டா. "இடையில முழிச்சிட்டனெண்டால்?"

பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை. 2009இல் வன்னியில் அவவின் காலிலிருந்து செல் துண்டை எடுத்தபோது போதிய மயக்க மருந்து இருக்கவில்லை. அந்த மாதங்களில் மயக்க மருந்தின்றி அவயவங்கள் அகற்றப்பட்டதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் பதிவுசெய்திருக்கிறது. ஆகவே வெறும் பயம் என்று அதைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. பதில் தேடப்போய்த்தான் இந்த விடயத்துக்குள் வந்தேன்.

மயக்கத்தின் ஆழத்தை வைத்தியர்கள் நீண்டகாலமாக இரத்த அழுத்தம், இதயத்துடிப்பு, வியர்வை, கண்ணீர் ஆகியவற்றைக்கொண்டே கணித்து வந்தார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டால், விழித்துக்கொண்ட நோயாளியால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது. மூளையின் மின்னலைகளை வைத்தே மருந்தின் அளவை இயந்திரம் தீர்மானிக்கலாம் என்பதை 1950இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிக்ஃபோர்ட் என்பவர் செய்துகாட்டினார். அது அன்றாடப் பாவனைக்கு வரவில்லை.

எங்களுக்குக் கிட்ட, இந்தியாவின் சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் வைத்தியர் கோவர்தன் தத் பூரியின் குழு 'கிளாட்ஸ்' என்ற கருவியை உருவாக்கியது. நெற்றியில் ஒட்டும் உணரி மூளையலையைப் படிக்க, அது 'பிஸ்' என்ற எண்ணாக மாறுகிறது. முழு விழிப்பென்றால் 100க்குக் கிட்ட. மூளையில் மின்னியக்கமே இல்லையென்றால் 0. சத்திரசிகிச்சையின்போது 40க்கும் 60க்கும் இடையில் இருக்கவேண்டும். எண் ஏறினால் கணினி சிரிஞ்ச் பம்ப் வழியாகப் புரோபோபோல் என்ற பால்நிற மருந்தைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். தண்ணீர்த் தாங்கியின் மிதவை செய்யும் வேலைதான். ஆனால் நாளத்தில் ஏறிய மருந்து மூளையில் வேலைசெய்யச் சற்று நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காத இயந்திரம் மருந்தை அள்ளிக் கொட்டிவிடும், இரத்த அழுத்தமும் விழும்.

இமயமலையில் சுமார் 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே நகரிலும் இதைப் பரிசோதித்தார்கள். இந்தியாவின் பல வைத்தியசாலைகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மயக்க நேரத்தின் சுமார் 81 சதவீதம் கருவி இலக்கை ஒட்டியே நின்றது. கையால் கொடுத்தபோது அது சுமார் 55 சதவீதம்.

ஒரு விடயத்தை எங்கள் ஆட்கள் குறிப்பாக அறிந்திருக்கவேண்டும். யுத்தக் களங்களில் பெரிதும் கைகொடுக்கும் கெற்றமீன், ஆளை மயக்கினாலும் இந்த எண்ணைக் குறைக்காது, சிலவேளை கூட்டியும் விடும். எண்ணை மட்டும் நம்பும் இயந்திரம் அங்கே ஏமாந்து மேலும் மருந்து கொடுக்கும். பிஸ் காட்டுவது தூக்கத்தை; நோவை அது நேரடியாக அளப்பதில்லை. அதனால் மயக்க மருந்து வைத்திய நிபுணர் இல்லாத இடத்துக்கு இது மாற்றீடு அல்ல. தீவுப் பகுதி வைத்தியசாலைக்கு ஒரு பெட்டியை இறக்கிவிட்டு 'வசதி வந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் கைதட்டமாட்டேன்.

சின்னம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் பழைய முறையில்தான் மயக்கம் கொடுத்தார்கள். முதல்நாள் மாலை மயக்க மருந்து வைத்தியர் கட்டிலருகே வந்து, முன்பு நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார். "முடியும்வரை உங்கட தலைமாட்டிலதான் நிப்பன், அம்மா" என்றார்.

மறுநாள் கண்விழித்ததும் சின்னம்மா கேட்டா: "இன்னும் தொடங்கேல்லையோ?"